வெள்ளிக்கிழமை ஏழு மணி

பிரிட்லிங்டன்
9 பிப்ரவரி 2004

அன்புள்ள லோர்னா,

நலம்தானே? கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன்: டெஸ் கேப்பிள்மன். டயர் மாற்றப் போன இடத்தில் உன் தம்பி நெவில் அகப்பட்டான். உன் முகவரியை அவனிடம்தான் வாங்கினேன். நீ கார்லைலில் பஸ் ஓட்டுவதாகச் சொன்னான். பொருத்தமான வேலைதான். நம் மூன்று பேரில் நேரம் தவறாதவள் நீ ஒருத்திதானே.

விஷயம் இதுதான். எழுபதுகளில் இந்த ஊர் பப்களில் வாசித்த இசைக்குழுக்களைப் பற்றி நூலகத்தில் மே மாதம் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். நம் 'ஸீ ஃப்ரெட்ஸ்' குழுவைப் பற்றி என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வருகிறது. வின்னியின் பப் மாடியில் அம்பு எறியும் போட்டி முடிகிறவரை நம்மை வாசிக்க விடமாட்டாளே, "பொறுங்கடா, இங்க ஒருத்தன் குறி பாத்துக்கிட்டிருக்கான்" என்று. ஒருநாள் ஓர் அம்பு வந்து உன் பெரிய டிரம்மில் குத்தி நின்றது. நீ அதைப் பிடுங்காமலே பாட்டை முடித்தாய். ஆகஸ்டில் வரும் சுற்றுலாக்காரர்கள் மெதுவான பாட்டாகக் கேட்டு உயிரை எடுப்பார்கள். நம் மூன்றாவது ஆள் ராய்ஸ்டன், அவன் மாமாவின் மீன் வண்டியில்தான் சாமானெல்லாம் வரும். என் கிட்டார் பெட்டியில் இன்றைக்கும் அந்த மீன் வாடை அடிக்கிறது.

ராய்ஸ்டன் போய்ச் சேர்ந்துவிட்டான், தெரியுமா? இரண்டு வருஷம் ஆகிறது. நுரையீரல். வின்னியின் பப் இப்போது அடுக்குமாடி வீடு.

அந்தக் காலத்தில் கேமரா வைத்திருந்தவள் நீதான். படம் ஏதாவது இருந்தால் அனுப்பு. அந்தக் கடைசி வியாழக்கிழமை நீ வராமல் போனதை எழுதமாட்டேன், கவலைப்படாதே. அதெல்லாம் பழைய கதை.

அன்புடன்,
டெஸ்

*

கார்லைல்
1 மார்ச் 2004

அன்புள்ள டெஸ்,

கடிதம் கிடைத்தது. நான் நலம். வீட்டுக்காரர் ஆலன் ஓய்வு பெற்று, தோட்டத்தில் லீக் வெங்காயம் போடுகிறார். எனக்கு இன்னும் நாலு வருஷ வேலை இருக்கிறது. ராய்ஸ்டன் விஷயம் நெவில் சொல்லித் தெரியும். அவன் மனைவிக்கு எழுதினேன்.

மூன்று படம் இதோடு வைத்திருக்கிறேன். நீ கண்ணாடி போட்டிருக்கும் படத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறாய். அன்று கடல் ஈரத்தில் டிரம் தோல் தொய்ந்துபோய், கணப்பு அடுப்புக்கு முன்னால் வைத்துக் காய்ச்சினேன். அதற்குள் நீ நாலு தரம் "ஆச்சா, ஆச்சா" என்றாய். இன்னொன்று: அந்த அம்பை எறிந்தது போட்டிக்காரர் யாருமில்லை, வின்னியேதான். கண்காட்சியில் சரியாக எழுது.

வராமல் போனதையும் நீ தாராளமாக எழுதலாம். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. நமக்கு வழக்கமாகச் சனிக்கிழமைதான் கச்சேரி. லீட்ஸிலிருந்து ரெக்கார்டு கம்பெனி ஆள் வருகிறார் என்பதால் அந்த வாரம் மட்டும் தனியாக ஒரு நாள் வைத்தாய். அதைச் சொல்ல நீ போன் செய்தபோது ஓட்டல் சலவைக் கூடத்தில் வேலையில் இருந்தேன். அம்மாதான் எடுத்தாள். வெள்ளிக்கிழமை என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு வேனில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினால் வின்னி தரை துடைத்துக்கொண்டிருக்கிறாள். "நேத்தே முடிஞ்சிடுச்சே கண்ணு. வேற ஒருத்தன் வாசிச்சான். நீ வருவேன்னு நான் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

சனிக்கிழமை துறைமுகத்தில் உன்னைப் பிடித்துக் கேட்டேன். "உங்கம்மாகிட்ட வியாழன்னுதான் சொன்னேன்" என்றாய். நான் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பேசாத பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஆறு வருஷம் அவளிடம் பேசவில்லை.

அவள் இறந்து ஆறு வருஷமாகிறது. இனிமேல் இதனால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அன்றைக்குப் போனில் நீ என்ன சொன்னாய்?

அன்புடன்,
லோர்னா

*

பிரிட்லிங்டன்
15 மார்ச் 2004

அன்புள்ள லோர்னா,

படங்கள் பிரமாதம். நூலகத்தில் பொறுப்பாக இருக்கும் அம்மாவிடம் காட்டினேன். அந்தம்மா, "டிரம்ஸ்ல உக்காந்திருக்கிறது பொண்ணா? இதைத்தாங்க வாசல்லயே வைக்கணும்" என்று சொல்லிவிட்டாள். பெரிதாக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இருபது வருஷம் வீடு வீடாக மண்டியிட்டுக் கம்பளம் விரித்ததற்குப் பலன். கிட்டாரைத் தொட்டு மாசக்கணக்காகிறது.

நீ கேட்டதற்கு என்ன சொல்ல? இருபத்தைந்து வருஷம் ஆகிறது, லோர்னா. என்ன கிழமை, என்ன சொன்னேன் என்று யாருக்கு ஞாபகம்? அப்போதெல்லாம் போனில் பாதி காதில் விழாது. உங்கம்மாவும் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு ஒரு காதால்தான் கேட்பாள். நல்ல மனுஷி. அவள் வேலை பார்த்த பேக்கரியில் எனக்கு எப்போதும் ஒரு பன் கூடப் போடுவாள். அவள் மேல் குற்றம் சொல்வதாக நினைக்காதே.

மே எட்டாம் தேதி திறப்பு. ஆலனையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
டெஸ்

*

கார்லைல்
22 மார்ச் 2004

டெஸ்,

எங்கள் ரேடியோ சமையலறையில் இருந்தது. போன் முன்வாசலில், கோட் மாட்டும் இடத்தில். நடுவே இரண்டு கதவு.

நீ சொன்னதாக அம்மா சொன்னது அப்படியே எனக்கு நினைவிருக்கிறது. "வெள்ளிக்கிழமை ஏழு மணி. லோர்னா சாப்பிட்டுட்டே வரட்டும், அவசரமில்லைன்னு சொல்லுங்கம்மா." கிழமையைத் தப்பாகக் கேட்டிருந்தால்கூட, சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னதை அவள் எங்கிருந்து எடுத்தாள்? அன்றைக்கு எனக்கிருந்த ஆத்திரத்தில் இதை யோசிக்கவில்லை. இப்போது காலியான பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வரும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் எழுது. அதுவரை என் படங்களை எங்கேயும் மாட்டக் கூடாது.

லோர்னா

*

பிரிட்லிங்டன்
18 ஏப்ரல் 2004

அன்புள்ள லோர்னா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை என்றுதான் சொன்னேன். தெரிந்தேதான் சொன்னேன்.

லீட்ஸ் ஆள் செவ்வாய்க்கிழமை போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "டிரம்ஸ் பொண்ணா? பாக்க வேடிக்கையாத்தான் இருக்கும். வேற ஆள் கிடைச்சா பாருங்களேன்" என்றான். ராய்ஸ்டனிடம் சொன்னேன். அவன், "அவகிட்ட நேரா சொல்லு. இல்லைன்னா அந்த ஆளை வர வேணாம்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு" என்றான். உன்னிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஆளை விடவும் மனசில்லை. நீ சலவைக் கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போன் செய்தேன். உங்கம்மா ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாள். "வெள்ளிக்கிழமையாப்பா? நல்லா தெரியுமா?" என்றாள். ஆமாம் என்றேன். சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்றதும் நான்தான். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அக்கறையாகப் பேசினால் சந்தேகம் வராது என்று நினைத்திருப்பேன்.

ராய்ஸ்டனுடன் வேலை பார்த்த க்ளைவ் வாசித்தான். தாளம் பிடிபடாமல் எல்லாப் பாட்டையும் துரத்திக்கொண்டு ஓடினான். லீட்ஸ் ஆள் அரைக் கிளாஸ் குடித்தான், நாலாவது பாட்டில் எழுந்து ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். அப்புறம் ஒரு வரி எழுதவில்லை. ராய்ஸ்டன் அந்தக் குளிர்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. அதோடு குழுவும் முடிந்தது.

நீ இதற்காகத்தான் வீட்டை விட்டுப் போனாய் என்பது எனக்குத் தெரியாது என்று எழுதலாமென்று இருந்தேன். அது பொய். அந்தக் கிறிஸ்துமஸிலேயே நெவில் சொல்லித் தெரியும். உங்கம்மா பேக்கரியில் வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம், "அந்தப் பையன் வெள்ளின்னுதாங்க சொன்னான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். என்னைப் பார்த்தால் மட்டும் ஒன்றும் கேட்கமாட்டாள். பன்னைப் பையில் போட்டுக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் நான் வேறு பேக்கரிக்குப் போக ஆரம்பித்தேன்.

கண்காட்சியில் இதை அப்படியே எழுதத் தயார். நீ சொல்கிற மாதிரி எழுதுகிறேன். முடிந்தால் என்னை மன்னித்துவிடு.

டெஸ்

*

கார்லைல்
27 ஏப்ரல் 2004

டெஸ்,

படங்களை மாட்டிக்கொள். நான் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கும் படத்துக்குக் கீழே, 'தனக்குச் சொல்லப்பட்ட நாளில் லோர்னா டிரான்மர் வந்தாள்' என்று எழுது. நாளை மாற்றிச் சொன்னது நீதான் என்பதையும் எழுது. அம்மாவின் பெயர் வேண்டாம். பேக்கரி வரிசையில் நின்றவர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள். படித்தால் அவர்களுக்குப் புரியும்.

நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இதை நான் ஆலனிடம்கூடச் சொன்னதில்லை. ஆறு வருஷம் கழித்து நெவில் கல்யாணத்தில் அம்மாவைப் பார்த்தேன். பதிவு அலுவலகப் படிக்கட்டில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் அவள் சொன்ன முதல் பேச்சு: "நான்தான்டி தப்பாக் கேட்டிருப்பேன். அவன் வியாழன்னுதான் சொல்லியிருப்பான்."

அவள் தப்பாகக் கேட்கவில்லை. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆறு வருஷம் ஊர் முழுக்கச் சொன்னதை, நான் திரும்பி வரவேண்டும் என்பதற்காக அந்தப் படிக்கட்டில் மாற்றிச் சொன்னாள். நான், "போகட்டும், விடும்மா" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்தேன்.

அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் இருந்தாள். நான் போனில் ஒரு தேதி சொன்னால் போதும், மூன்று தரம் திருப்பிக் கேட்பாள். எழுதிக்கொண்டு, எழுதியதைப் படித்துக் காட்டுவாள். "சரியா இருக்காடி? பதினாலு, புதன்?" என்பாள். நெவிலும் நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எதிரில் உட்கார்ந்து அவளும் சிரிப்பாள்.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். உன் மேல் கோபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனி ஆள் வந்திருந்தாலும் வராவிட்டாலும் நான் பஸ்தான் ஓட்டியிருப்பேன். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தடவை மன்னித்தாகிவிட்டது. ஆள் மாறிப்போயிற்று. இன்னொரு தடவை என்னால் முடியாது.

எட்டாம் தேதி எனக்கு வேலை இருக்கிறது, வரமாட்டேன். படங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இதற்குப் பதிலும் வேண்டாம். முட்டியை டாக்டரிடம் காட்டு.

லோர்னா