மச்சானுக்கு விட்ட கேட்ச்

மேற்பிரிவு,
வட்டகொடை.

அன்புள்ள மகன் ஜெயகாந்தனுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், டோஹா வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்குத்தான் குறையில்லை, மனசு கொதிக்கிறது. போனில் பேசினால் கண்டபடி ஏசிவிடுவேன் என்றுதான் பேனாவை எடுத்தேன். உன் தங்கச்சி பிரேமினிக்குப் பேசியிருக்கிற கீழ்ப்பிரிவு விஜிதரன், நம் இரண்டு பிரிவுக்கும் நடந்த கோப்பை மேட்சில் உன் தம்பி லோஜனுடைய கேட்சை இரண்டு தடவை விட்டான், அது உண்மை. மச்சானுக்காக வேண்டுமென்றே விட்டான் என்று ஊரெல்லாம் பேசுகிறதே, அது என்ன வாய்? போதாததற்கு நீ தோட்டத்து வாட்சப் குரூப்பில், மாப்பிள்ளை இப்பவே மச்சானுக்குச் சீர் செஞ்சிட்டாரு என்று எழுதி, சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருக்கிறாய். அதைப் பார்த்த விஜிதரனுடைய அம்மா, எம்மவன ஏமாத்துக்காரன்னு சொல்ற வீட்ல எங்களுக்குச் சம்பந்தம் வேணாங்க என்று நிச்சயத்தையே நிறுத்திவிட்டார்.

கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன், கேள். இந்த வருசம் காமன் கூத்துக் கம்பத்தை நட்டது கிரவுண்டுக்கு நடுவில், பந்து குத்துகிற பிட்ச்சிலேயே. கூத்து முடிந்து குழியை மூடினார்களே ஒழிய, கம்பமாகச் சாமி நின்ற இடம் என்று ரோலர் போடவில்லை. ரோலர் உருட்டக் கூடாதாம், பந்து குத்தலாமாம்! என்ன நியாயமடா இது? டெஸ்ட் மாதிரி ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ், மொத்தம் மூன்று மேட்ச். ஆட ஆட அந்தக் குழி மண் பெயர்ந்து, ஒரு பந்து மூக்குக்கு எகிறும், அடுத்தது செத்துக் கிடக்கும். கடைசியாக அடிக்கிறவன் தொலைந்தான். முதல் மேட்சில் நாம் அப்படித் தோற்றோம், இரண்டாவதில் அவர்கள். மூன்றாவதில் கடைசி இன்னிங்ஸ் நமக்கு விழுந்ததும் கோப்பை போச்சு என்றே இருந்தேன். லோஜன் அடிக்க வந்தபோது பந்து குழியில் குத்தி எகிறி, மட்டை விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் நின்ற விஜிதரனிடம் பறந்தது. இரண்டு தடவையும் அதே கதை. பனிமூட்டத்துக்குள் பாய்ந்து விழுந்துதான் பிடிக்கப் பார்த்தான். இரண்டாவதில் சுண்டுவிரல் முறிந்து இன்னும் கட்டுப் போட்டிருக்கிறான். மச்சானுக்காக எவனாவது விரலை முறித்துக்கொள்வானா? லோஜன் நின்று அடித்து ஜெயிக்க வைத்தான், இப்போது அந்தப் பிள்ளை கோப்பையைத் தொடவே மாட்டேன் என்கிறான். குழியை அப்படியே விட்ட கமிட்டிக்காரர்களை ஒருத்தனாவது ஒரு வார்த்தை கேட்டானா?

பிரேமினி கொட்டகலைக் கடைவீதியில் விஜிதரனைப் பார்த்து நேராகவே கேட்டுவிட்டாள். ஒங்கண்ணன் கேட்ச புடிச்சிருந்தா எங்க ஆளுங்க என்னையத் தலைல தூக்கி வச்சிருப்பாங்க, தெரிஞ்சே விடுவனா என்று கண்கலங்கினானாம். வீட்டுக்கு வந்து சொன்னாள், கை தவறி விடுறவரோட வாழ்ந்துடலாம்ப்பா, வேணும்னே விடுறவரோடதான் முடியாது, இவரு வேணும்னு விடல. ஆனா பெரியண்ணன் சொன்னத அண்ணனே திருப்பி எடுக்கட்டும், நீங்க போயி கெஞ்சக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

சிரித்தது ஊருக்கு முன்னால், மன்னிப்பும் அதே குரூப்பில் கேள். வெளிநாட்டில் இருந்தால் வாய்க்குப் பூட்டு வேண்டாமா? வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி, கதிரேசன் உன்னைக் காப்பாற்றட்டும். லோஜன் இதைப் போட்டோ பிடித்து அனுப்புவான், படித்த கையோடு எழுது. உன் தங்கச்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டேன் என்கிறாள்.

கோபமும் பாசமும் உள்ள அப்பா,
இராமையா