நாலாம் கட்டம்

உன் மனைவி கொடுத்த அட்டைப்பெட்டியைத் திறந்ததும் பிளீச்சிங் வாடை மூக்கில் ஏறியது. ராஜபாளையத்து கம்பெனிகளில் பேண்டேஜ் சுருள் அடுக்கி அனுப்புகிற பெட்டி. துணி போய் ஆறு வருஷமாகியும் வாடை போகவில்லை. உள்ளே உன் ஆய்வுக்கு ஜனங்கள் நிரப்பி அனுப்பிய கேள்வித்தாள்கள், கட்டுக் கட்டாக.

"அண்ணே, இது ஒங்களுக்குத்தான்னு ஆஸ்பத்திரில வச்சு அவிய சொன்னாவ" என்றார் உன் மனைவி.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டு வாசலில் 'முனைவர்' என்று உன் பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது. நீ இறந்ததற்கு உன் கல்லூரியில் நினைவு மலர் போடுகிறார்களாம், என்னிடமும் உன்னைப் பற்றிக் கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு புகழ என்னால் ஆகாது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அஞ்சல் வழியில் பட்டம் படிக்கச் சேர்ந்தவர்கள் ஏன் தேர்வு எழுதாமல் நின்றுவிடுகிறார்கள் என்பது உன் ஆய்வு. நீ கல்லூரி ஆசிரியன். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு ராஜபாளையத்து மில் ஆபீசில் இருந்த ஒரே கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்ற உரிமையில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் உட்காருவாய். நீ விடைகளை எண்ணாக வாசிப்பாய், நான் தட்டுவேன்.

பதினான்காம் கேள்வி நினைவிருக்கிறதா? 'தேர்வு எழுதாததற்கு முதன்மைக் காரணம்.' நான்கு கட்டங்கள். உடல்நலம், குடும்பம், பணம், ஆர்வமின்மை. தப்பு பல்கலைக்கழகத்தின் மேல் என்று சொல்ல ஒரு கட்டம் கிடையாது. மீட்டர் முனையை ஒயரில் வைக்காமலே 'கரண்ட் இல்லை' என்று எழுதிக் கொடுக்கிறவனை நான் ஒரு நாள்கூட வேலைக்கு வைக்க மாட்டேன். உனக்கு அதற்குத்தான் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்.

பதில் எழுதிய ஜனங்கள் உன்னைவிட யோக்கியமானவர்கள். பொருந்தாத கட்டத்தில் டிக் அடிக்க மனமில்லாமல் நான்கையும் காலியாக விட்டு, தாளின் ஓரத்தில் எழுதினார்கள். பாடம் தபாலில் வரவில்லை. ஹால் டிக்கெட் பரீட்சையன்று மதியம் வந்தது. ஷிப்டு மாற்றிக் கொடுக்க மேஸ்திரி ஒப்பவில்லை.

"இம்புட்டுப் பேரு ஓரத்துல எழுதிருக்காவளே, என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"ஓரத்தை ஒன் கம்ப்யூட்டர் படிக்குமாலே?"

"படிக்காது. அஞ்சாம் நம்பர் ஒண்ணு போட்டுக்கிடுவோம்."

"புதுசா ஒரு நம்பர் வந்தா வைவால கேள்வி கேட்டுத் தோண்டுவானுக. நாலு போடு."

"நாலு ஆர்வமின்மைல்லா?"

"ஒரு டிக் அடிக்கவே ஆர்வம் இல்லாதவனுக்குப் படிக்க ஆர்வம் எங்கேர்ந்து வரும்? போடுலே."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அஞ்சல் வழி மாணவர்களுக்காக ராஜபாளையத்தில் ஞாயிறு காலை நடந்த நேரடி வகுப்பைத் தொடர்வதா மூடுவதா என்று உன் ஆய்வுச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் முடிவெடுக்கப் போகிறது. அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தே நாலு, நாலு, நாலு என்று தட்டினேன்.

அதில் ஒரு தாள் என் தெருவிலிருந்து வந்தது. பேண்டேஜ் கம்பெனியில் சுருள் சுற்றுகிற ஜைத்தூன் அக்கா. பி.காம். இரண்டாம் வருஷம். புள்ளியியலில் சந்தேகம் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். நீ அவர் தாளின் ஓரத்தைப் பார்க்காமலே "நாலு" என்றாய்.

இரண்டு மாதத்தில், வகுப்பு நடந்த பள்ளிக்கூடத்து கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். மாணவர்களிடம் போதிய ஆர்வம் இல்லாததால் வகுப்புகள் நிறுத்தப்படுகின்றன, இனி மதுரைக்கு வரவும். நான் பைக்கில் போகும்போது ஜைத்தூன் அக்கா புத்தகப் பையோடு அதற்கு முன்னால் நின்றிருந்தார்.

"தம்பி, இங்க வா. யாருக்கு ஆர்வம் இல்லையாம்?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு நேரே உன்னிடம் வந்தேன்.

"ஒரு கிளாஸ் போனா என்னலே, மதுரைல இருக்குல்லா?" என்றாய்.

"அந்த அக்கா வாரம் பூரா சுருள் சுத்திட்டு, ஒரு நாள் லீவுல மதுரைக்குப் போயிட்டு வர முடியுமா? அந்தத் தாள்களை எடு. திரும்ப எண்ணுவோம்."

"எல்லாம் எடைக்குப் போட்டாச்சு. விடு."

அன்றோடு உன் வீட்டுப் படி ஏறுவதை விட்டேன். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவன் நீ. அதை நினைத்தால் கோபம் இன்னும் கூடத்தான் செய்கிறது. இப்போது பார்த்தால் பெட்டி பத்திரமாக இருந்திருக்கிறது. மேலே இருந்த தாள்கட்டின் மீது பென்சிலால் 'திரும்பப் பார்க்க வேண்டும்' என்று உன் கையெழுத்து. எப்போது பார்ப்பதாக இருந்தாய்? உறுத்தல்தான் என்கிறார் உன் மனைவி. உறுத்தினால் ஒரு பஸ் ஏறி வந்திருப்பாய்.

மூன்று ஞாயிறு உட்கார்ந்து முழுவதையும் நானே திரும்பத் தட்டினேன், அஞ்சாம் நம்பரோடு. நாலாம் கட்டத்தில் தானாக டிக் அடித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.

நேற்று ஜைத்தூன் அக்காவின் தாளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் கம்பெனி வாசலுக்குப் போனேன். அதற்கு நாலாம் நம்பர் தட்டியதைச் சொல்லி நீட்டினேன். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தம் எழுத்தைத் தாமே வாசித்தார்: 'பாடப் புத்தகம் பரீட்சை முடிந்த பிறகு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றுதான் எனக்குப் படிப்பு. அதை நிறுத்திவிடாதீர்கள்.'

"இத அன்னைக்கே பாத்தியா தம்பி?"

"பாத்தேன்க்கா."

"பாத்துட்டுத்தான் அந்த நம்பரப் போட்டியா?"

போடச் சொன்னது நீ என்று உன் பெயரைச் சொன்னேன். "அவரு மவுத்தாயிட்டாரே" என்றார். மறுபடி என் முகத்தையே பார்த்தார்.

"ஆமாக்கா, பாத்துட்டுத்தான் போட்டேன்."

தாளை நாலாக மடித்து என் கையிலேயே வைத்தார். "நீயே வச்சுக்க. நான் எழுதுனது எனக்கு மறக்கல." கம்பெனிச் சங்கு ஊதியது. உள்ளே போய்விட்டார்.

அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. உன்னிடம் இனி யாரும் கேட்க முடியாது. என்னிடம் அக்கா கேட்டுவிட்டார்.