கடல் பார்க்கச் சேர்த்த பணம்

கோலார் தங்கவயல்,
ஜூலை 1943

அன்புள்ள லூர்தம்மாளுக்கு, மாதா உன்னைக் காக்கட்டும். மகள் பாக்கியமேரி இதை உனக்கு வாசிக்கட்டும்.

எழுதப்போவது:
1. என் நலம்.
2. வேளாங்கண்ணிப் பயணம்.
3. கடன் வாங்காமல் பணம் சேர்த்ததே சரி என்பது.

நலமாயிருக்கிறேன். குளிருக்குப் பழைய கம்பளியைக் கொடுத்தனுப்பு.

பொம்மிடியிலிருந்து நம் எல்லோருக்கும் டிக்கெட்டுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. ஸ்டேஷனில் விசாரித்தேன். குமாஸ்தா சிரித்தார். "வண்டியெல்லாம் பட்டாளத்துக்குத்தாங்க, பெரியவரே! நடந்தே போங்க, மாதா மெச்சுவாங்க." நானும் சிரித்துவைத்தேன். சண்டை முடிந்ததும் போகலாம்.

இவ்வளவு எழுதும்போது பாக்கியமேரியின் கடிதம் வந்தது. உன் வலக்கண்ணிலும் பார்வை போய்விட்டதாமே. "வட்டிக்கு வாங்கியாவது போலாங்க, கண்ணு இருக்கறப்பவே கடலைப் பாத்துடறேன்" என்று போன வருஷம் கேட்டாய். நான்தான் பயந்தேன்.

தபால்காரர் காத்திருக்கிறார். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, லூர்து.

உன்,
சவரிமுத்து