ஒன்று புள்ளி பத்து

அக்டோபர் 4, ஞாயிறு

காலையிலிருந்து நசநசவென்று மழை. கள்ளிக்குப்பம் முழுக்கச் சேறு. சைக்கிளை ஓட்ட முடியாது, தள்ளத்தான் வேண்டும்.

எங்கள் தமிழ்த் தட்டச்சு மென்பொருள், பலகை 1.10, முடிந்தது. என்னோடு சேர்ந்து நிரல் எழுதும் நந்தா நேற்று ஆவடியிலிருந்து மோடம் வழியாக இணையத்தில் ஏற்றிவிட்டான். இங்கே நான் நான்கு பிளாப்பியில் நகலெடுத்தேன். ஒன்று கெட்டது.

என்ன மாறியது, எனக்கே நினைவிருக்க: 1.9 வரை அட்டவணை அடித்தால், கட்டத்தின் கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி விழாது; இனி விழும். 'குமார்' என்று அடித்தால் 'குமார' என்று அச்சாகும். எங்கள் எழுத்துருவில் புள்ளி தனி எழுத்து, அதற்கு அகலம் பூஜ்யம். அகலமில்லாததை வெற்றிடம் என்று நினைத்து ஓரத்தில் வெட்டிவிட்டது பழைய நிரல். அந்தப் பகுதியை எழுதியவள் நான். டொரண்டோவிலிருந்து ஒருவர் கண்டுபிடித்து எழுதினார். இங்கே நான்கு மாதமாக ஒருவரும் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அட்டவணை ஏது.

நிரலைத் திறந்தே கொடுக்கிறோம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், காசில்லை. இதற்கு 'ஓப்பன் சோர்ஸ்' என்று இந்த வருடம் பெயர் வைத்திருக்கிறார்களாம், நந்தா சொன்னான். டி.டி.பி. கடை ஏழுமலை அண்ணனிடம் சொன்னேன். "ஓசி சாப்ட்வேர்னு சொல்லேன், சுருக்கமா கீதுல்ல" என்றார்.

அம்மா: "ஞாயித்துக்கெழமகூட அந்தப் பொட்டி முன்னாடியே குந்திகினு இரு."

அக்டோபர் 7, புதன்

ஆபீஸில் நாள் முழுக்க ஒரே வேலை. வருடத்தை இரண்டு இலக்கமாக வைத்த பழைய நிரல்களை நான்காக மாற்றுவது. 2000 வந்தால் 00 என்று காட்டி எல்லாம் குழம்புமாம். இன்னும் பதினான்கு மாதம்.

மாலை திருமுல்லைவாயில். ஏழுமலை அண்ணனிடம் 1.10 பிளாப்பி கொடுத்தேன். கடையில் என் அண்ணன் பாஸ்கரோடு வேலை செய்யும் மணி உட்கார்ந்து பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்பத்தோரு பேர்.

அண்ணன் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் ஏழு வருடமாக ஒப்பந்தக் கூலி. நிரந்தரம் கேட்டு தொழிலாளர் அலுவலகத்தில் வழக்கு. திங்கள்கிழமை விசாரணை. வழக்கில் பெயர் இருக்கிறவனைப் பாதியில் நிறுத்த முடியாது என்கிறான் மணி. பெயர் இல்லாதவனை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பட்டியல் அவ்வளவு முக்கியம்.

"அண்ணே, புதுச ஏத்திட்டு அப்புறமா அடிங்க. அட்டவணை நல்லா வரும்."

"வச்சிட்டுப் போ தங்கச்சி, ஏத்திக்கிறேன். கும்பலா கீது பாரு."

புள்ளி விஷயத்தை விளக்கமாகச் சொல்லவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அக்டோபர் 12, திங்கள்

வெயில். தீபாவளிக்கு ஒரு வாரம். தெருவில் இப்போதே வெடி.

அண்ணன் ஆறு மணிக்கு வந்தான். சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான். கம்பெனி வக்கீல் பட்டியலைக் கையில் வாங்கிச் சத்தமாகப் படித்திருக்கிறார். அச்சில் உள்ளபடியே. பாஸ்கர. முருகன. செல்வம. சேகர.

"'யாருங்க இவங்கள்லாம், எங்க ரிஜிஸ்டர்ல இப்பிடி ஆளே கெடையாதே'ன்றான். ஆபீசரும் சிரிக்கறாரு. ரூம்ல எல்லாம் சிரிக்கறானுங்க. நாங்க இன்னா பண்றது, நாங்களும் சிரிச்சிகினு நிக்கறோம்."

முடிவு: பதினேழு பெயர் ஏற்பு. இருபத்து நான்கு திருப்பி அனுப்பப்பட்டது. திருத்தி, புதிதாகக் கையெழுத்து வாங்கி, வெள்ளிக்குள் தர வேண்டும். மணி, ராஜா, கோபி, அமுதா, சாவித்திரி தப்பினார்கள். அவர்கள் பெயரின் கடைசியில் புள்ளி இல்லை. ஒருவன் ஏழு வருடம் இரும்புக் குழம்பு ஊற்றினானா என்பதை அவன் பெயரின் கடைசி எழுத்தை வைத்து முடிவு செய்கிறது அரசாங்கம்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு வினாடி போதும். என் நிரல். என் பிழை. திருத்திவிட்ட பிழை.

அண்ணனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 13, செவ்வாய்

அண்ணன் ஆறரைக்கு ஷிப்டுக்குப் போனான். ஏழரைக்குத் திரும்பி வந்துவிட்டான். கேட்டில் பதினேழு பேரை மட்டும் உள்ளே விட்டார்களாம். காவலாளி கையில் அதே பட்டியலின் நகல். டிபன் பாக்ஸை அம்மாவிடம் அப்படியே கொடுத்தான்.

மாலை ஏழுமலை கடை. கணினியைத் திறந்து பார்த்தேன். பலகை 1.9.

"அண்ணே, நான் குடுத்தத ஏத்தலையா?"

"ஏத்தப் போனேனே. உன் சாப்ட்வேரே கேட்டுச்சு. 'இருப்பது 1.9, வருவது 1.10, மாற்றவா?'ன்னு. வேணாம்னு தட்டிட்டேன்."

"ஏன்?"

"இன்னாம்மா கேள்வி இது. ஒன்னு தொண்ணூறு பெருசா, ஒன்னு பத்து பெருசா? அவசரத்துல பழைய பிளாப்பிய குடுத்துட்டுப் போய்ட்ட. சரி, பொண்ணு ஓடுது, இன்னாத்துக்குச் சொல்லிகினுன்னு வுட்டுட்டேன்."

"அது ஒன்னு பத்து இல்லண்ணே. ஒன்னு, அப்புறம் பத்து. ஒன்பதுக்கு அடுத்து பத்து."

"அப்ப நடுவுல புள்ளி இன்னாத்துக்கு?"

பட்டியல் கதையைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கு. "நான் ஒரு தபா படிச்சிப் பாத்துருக்கணும். பேருதானேன்னு அடிச்சிக் குட்த்துட்டேன்" என்றார். இல்லை அண்ணே, தப்பு என்னுடையது என்றேன். அவர் கேட்கவில்லை. பத்திரிகை அடிக்க வந்த இருவரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அங்கேயே 1.10 ஏற்றினேன். ஒரு கட்டத்தில் 'பாஸ்கர்' அடித்து அச்செடுத்தேன். புள்ளி இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். "உன் சாப்ட்வேரா?" என்றான். ஆமாம் என்றேன். தட்டை எடுத்து வைத்து, "சரி, சோறு போடு." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 14, புதன்

அண்ணன் இன்றும் ஏழரைக்கு வந்துவிட்டான்.

ஆபீஸுக்கு அரை நாள் லீவு. ஆவடி, நந்தா வீட்டுக் குவார்ட்டர்ஸ். இன்ஜினியரிங் கடைசி வருடம் அவன். நல்லவன்தான். ஆனால் அவனுக்கு உலகம் என்றால் மோடத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது.

"எல்லாரும் இப்படித்தான் நம்பர் போடுறாங்க, கலா. 1.9க்கு அப்புறம் 1.10. இது டெசிமல் இல்ல. தெரியாதவங்க படிச்சுத் தெரிஞ்சுக்கிடட்டும்."

"ஏழுமலை படிச்சவர்தான். பள்ளிக்கூடத்துல தசமம் ஒழுங்கா படிச்சதாலதான் வேணாம்னு தட்டினாரு. கணக்குப்படி அவர் செஞ்சது சரி."

"ஒரு ஆளுக்காக மாத்த முடியுமா?"

"இருபத்துநாலு ஆளு."

அடுத்ததற்கு என்ன எண் என்று தாளை எடுத்து எழுதினோம்.

1.11 – அதே குழி.
2.0 – எழுத்துருவையே மாற்றும்போதுதான் 2.0 என்கிறான். இது சின்னத் திருத்தமாம். 'சின்ன' என்ற சொல்லுக்கு மட்டும் பத்து நிமிடம் சண்டை.
1.91 – ஏழுமலை படித்தாலும் பெரிது, நந்தா படித்தாலும் பெரிது. இருவருக்கும் பிடித்தது. ஆனால் 1.99 வந்த பிறகு? 1.100. மறுபடி ஒன்று பத்து.
தேதி, 981016 – அழகு. 2000இல் 00 என்று தொடங்கும், எல்லாவற்றையும்விடப் பழையதாகத் தெரியும். நாள் முழுக்க அதைத்தான் ஆபீஸில் துடைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நானே செய்யவா? வருடத்தை முழுதாகப் போட்டால் எட்டு இலக்கம். போனில் யாரும் சொல்ல மாட்டார்கள்.
வெறும் எண் – முன்னால் இருக்கும் 1ஐயும் புள்ளியையும் தூக்கி எறிந்தால் மிஞ்சுவது 10. அடுத்தது 11. அதற்கடுத்தது 12.

"11ன்னு போட்டா பத்து தடவ முழுசா மாத்தி எழுதிட்டோம்னு நெனப்பான். வெளிய பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். இங்க ஏற்கெனவே சிரிச்சாச்சு."

அவன் அப்பா உள்ளே ஷிப்ட் முடிந்து சாப்பிட்டுக்கொண்டே அவன் அம்மாவிடம் பொருமிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் யாரோ திருத்தத்துக்கு முந்தைய பழைய டிராயிங்கைப் பார்த்து ஒரு லாட் உதிரிப்பாகம் முழுக்க வெட்டித் தள்ளிவிட்டானாம். "பழசப் பிடுங்காம புதுசக் குடுத்தா அவன் பழசுலதான வெட்டுவான்? அவனச் சொல்லி என்ன செய்ய." நானும் நந்தாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். 'மாற்றவா?' என்ற கேள்வியை எழுதியதும் நான்தான். மரியாதையாகக் கேட்பதாக நினைப்பு.

எண் பற்றி முடிவாகவில்லை.

அக்டோபர் 15, வியாழன்

மழை மறுபடியும். அண்ணன் கேட்டுக்குப் போய் ஏழரைக்குத் திரும்பி, உடனே மணியோடு கிளம்பினான். இருபத்து நான்கு பேரையும் மாலை ஏழுமலை கடைக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். மணி இன்று வேலைக்குப் போகவில்லை. அவன் பெயர் பட்டியலில் சரியாகத்தான் இருந்தது. கேட்டதற்கு, "இன்னா இப்போ, ஒரு நாளு தானே" என்றான். சேகர் தீபாவளிக்கு என்று முன்னதாகவே செய்யாறு போய்விட்டான். அவனைத் தேடி ஒருவர் பஸ்ஸில்.

ஆபீஸில், ரயிலில், தெருவில் கேட்டுப் பார்த்தேன். 1.9, 1.10, எது பெரிது? அம்மா: 1.9. எதிர்வீட்டு டீச்சர்: 1.9, "இதுகூடத் தெரியாமத்தான் கம்ப்யூட்டர் படிச்சியா?" ஆபீஸில் மூன்று பேர்: 1.9. அதில் ஒருவன் நாளெல்லாம் நிரல் எழுதுகிறவன். சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாலை ஏழுமலை கடை. பட்டியலை அவரே அடித்தார். நான் பென்சிலால் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுத் தொட்டு எண்ணினேன். செல்வம் பெயரில் இனிஷியல் தவறு, மாற்றினோம். மூன்று முறை அச்சு. அவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார், ன், ர், ம் எல்லாவற்றையும் அழுத்தி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, எலக்சனா?"

"போய்யா, வேல கீது."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து நந்தாவுக்குப் போன். அவனும் காலேஜில் ஒன்பது பேரைக் கேட்டானாம். எத்தனை பேர் என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை. "சரி, 11" என்றான். 'மாற்றவா?' கேள்வியையும் எடுத்துவிட்டானாம். புதியது வந்தால் பழையதைத் தானே அகற்றிவிடும்.

சேகர் எட்டரைக்கு வந்து சேர்ந்தான். கையெழுத்து இருபத்து நான்கு.

அக்டோபர் 16, வெள்ளி

அண்ணனும் மணியும் பத்து மணிக்கே தொழிலாளர் அலுவலகம். பன்னிரண்டரை வரை பெஞ்சில். வக்கீல் வந்து, முதல் பட்டியல்தான் செல்லும், இது புதிது, ஏற்கக் கூடாது என்றாராம். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். "ஏன்யா, அதே ஆளுங்கதானே?" அவ்வளவு சாதாரணமாக. திங்களன்று இதைச் சொல்லியிருந்தால் இருபத்து நான்கு வீட்டில் நான்கு நாள் கூலி போயிருக்காது. முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்கு ஒரு நகல்.

கம்பெனி மதிக்குமா? மணி மதிக்கும் என்கிறான். அண்ணன் தாளை ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டான்.

பலகை 11 வெளியீடு. கூடவே போகும் குறிப்பை நான் எழுதினேன்:

"இது பலகை 11. இதற்கு முன்னால் வந்தது 1.10. அதற்கு முன்னால் 1.9. இனிமேல் புள்ளி கிடையாது. எண் பெரிதானால் புதியது. 1.9 அல்லது அதற்கு முந்தியதில் யாருடைய பெயரையாவது அட்டவணையாக அடித்திருந்தால், ஒவ்வொரு பெயரையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். தப்பு எங்களுடையது."

கடைசி வரி வேண்டாம், தொழில் செய்கிறவர்கள் இப்படி எழுத மாட்டார்கள் என்றான் நந்தா. நாம் தொழில் செய்யவில்லை, ஓசியில் கொடுக்கிறோம் என்றேன். இருக்கட்டும் என்று விட்டான். ஏற்றியாயிற்று.

அக்டோபர் 17, சனி

மழை இல்லை. அண்ணன் ஆறரைக்குக் கிளம்பினான். முத்திரை வைத்த தாளின் ஜெராக்ஸ் சட்டைப்பையில், பிளாஸ்டிக் கவரில். அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு.

எனக்கு இன்று ஆபீஸ் இல்லை. துணி ஊற வைத்தேன். டொரண்டோக்காரருக்குப் பதில் எழுத வேண்டும். மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

ஏழரை. உள்ளே விடாத நாளில் இந்நேரம் வந்திருப்பான். அம்மா வாசலைப் பெருக்குகிறாள். ஏற்கெனவே ஒரு தடவை பெருக்கியதுதான்.

ஏழே முக்கால். தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் இல்லை.

எட்டே கால். அண்ணன் திரும்பி வரவில்லை.