லேப்டாப்பை மூடிடாதே, லாவினியா

லாவினியா,

எழுந்ததும் முதல்ல இதைப் படி. லேப்டாப்பை நான் அணைக்கலை. சார்ஜரும் மாட்டியிருக்கேன். துடைக்கிறேன்னு நீயும் மூடிடாதே.

"நாலு நாளா கரண்ட்டைத் தின்னுட்டு ஓடுது, அணைச்சுத் தொலை"ன்னு நேத்து சாயங்காலம் கத்தினேன். "கை வச்சே, பாரு!"ன்னு நீ பாய்ஞ்சே. நாப்பது வயசுல பாட்டுக்கு பீட் போடுற கிறுக்குன்னு வேற சொல்லிட்டேன்.

காலையில உங்க அக்கா கலேசிதா போன்ல சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. நீ பீட் போடுறது பழகிப் பார்க்க மட்டும் சும்மா குடுக்கிற சாஃப்ட்வேர்லயாம். ஒரு தடவை மூடிட்டா, விலை குடுத்து வாங்குற வரைக்கும் நீ போட்டதெல்லாம் திறக்காதாம். இதை ஏன் என்கிட்ட சொல்லலை? சொல்ற மாதிரியா நான் நடந்துக்கிட்டேன், சரி.

மாங்கெரி சர்ச்சுல மைக் செட்டை மாட்டிட்டு அக்கா நாலு மணிக்கு வருவா. முழுக்க இலவசமான இன்னொரு சாஃப்ட்வேர் கொண்டு வரா. அதுல சத்த வகை கம்மி, ஆனா மூடித் திறக்கலாமாம். ரெண்டையும் போட்டுப் பாரு. எது உன் கைக்குப் படியுதோ அதையே எடு. விலையைப் பத்தி நான் வாய் திறக்க மாட்டேன்.

சேம்பிலைக் கறி அடுப்பு மேல இருக்கு. அக்காவுக்கும் வை.

ஏர்போர்ட்டுக்கு வேலைக்குப் போற பஸ் வர்ற நேரம், கிளம்புறேன்.

விலியாமி

பி.கு: கிளம்பலை. நீ போட்டதை மூணு தடவை கேட்டேன், பஸ் போயிடுச்சு. சட்டியைத் தட்டுற சத்தம், மழை, நடுவுல ஒரு இருமல். அது என்னோடதுதானே? எடுத்துடாதே.