உப்புப் போடாத கஞ்சி

பேராதனை, 14.03.1997

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

பரிசோதனைக்குக் கேட்ட நம் கிணற்றுத் தண்ணீரைச் சீனித்தம்பி மாமா தந்தார். வவுணதீவுச் சோதனைச்சாவடியில் அதில் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார்களாம். முகம் சுளித்துக்கொண்டே சிரித்தார்.

ஆய்வுகூடத்தில் பிசின் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டால், அதிலுள்ள உப்பு அமிலமாகும். பிறகு இளஞ்சிவப்பு வரும்வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம்; உப்பு கூடக்கூடக் காரமும் கூடச் செலவாகும். மற்றவர்களின் தண்ணீர் சீக்கிரமே சிவந்தது. நம்முடையதற்கு அளவுக்குழாயில் இருந்த காரம் முழுவதும் தீர்ந்தும் நிறமே வரவில்லை. வாவியின் உப்புத் தண்ணீரையா குடிக்கிறீர்கள்?

உடனே கோயில் கிணற்றில் அள்ளுங்கள். அடுத்தமுறை மாமாவை இங்கே ஒரு நாளாவது தங்கிப்போகச் சொல்லுங்கள்.

“கொம்மா இப்ப கஞ்சிக்கு உப்பே போடுறல்ல புள்ள” என்று மாமா அன்று சொன்னார். பிரஷருக்காக என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேனே, அம்மா.

உங்கள் மகள்,
கண்ணகை