ஆமிரா குடித்த லபன்

ஷார்ஜா தொழில்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பூவாயிக்கு,

முனியசாமி எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. நீயும் ஜோதிமணியும் சுகமாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆணி குத்தியதாகச் சொன்னாயே, ஊசி போட்டாயா? போடாவிட்டால் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகக் கூட்டிப் போ.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், தெருவே கேட்கும். இது நீ மட்டும் படிக்க வேண்டியது. எங்கள் கேம்ப்பில் இருக்கும் வைரவன் தீபாவளி லீவில் நாளை ராத்திரி விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். அவனிடம் எதையும் துருவிக் கேட்காதே. பாதி தெரிந்தவன்தான் முழுசாகப் பேசுவான்.

இங்கே பல நாட்டு விளையாட்டுப் போட்டி நடக்கிறது, அதற்கு எங்கள் கம்பெனி பஸ் ஓட்டுகிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? எனக்கு வாய்த்தது ஒரு குட்டித் தீவு நாடு. பேரைச் சொன்னால் உனக்கு வாயில் நுழையாது. ஓடுகிறவன் ஒருவன், நீந்துகிறவன் ஒருவன், குத்துச்சண்டை போடும் ஆமிரா என்ற பெண், கோச் மஹ்மூது. அவ்வளவுதான் டீம். நம்ம ஊர் கபடி டீமிலேயே ஆள் கூட. தொடக்க விழாவில் அவர்கள் கொடி பிடித்து வந்ததை கேம்ப் டீவியில் பார்த்தேன். கேமரா கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது. நான் ஒருவன் மட்டும் கை தட்டினேன். "என்ன அண்ணே, உங்க நாட்டு ஆளுகளா?" என்று ரூமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தேன். பத்து நாளாக "முனி பாய், யல்லா, போகலாம்" என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பிள்ளைகள், வேறு யாருக்குத் தட்டுவேன்?

குத்துச்சண்டையில் எடைக்கு எடைதான் மோத விடுவார்களாம். போட்டியன்று காலையில் தராசில் ஏற வேண்டும். கொஞ்சம் கூடினாலும் வெளியே போ என்று சொல்லிவிடுவார்கள். அதனால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், உடம்பை வியர்க்க வைத்தே எடையை இறக்குகிறார்கள். பணக்கார டீம்களுக்கு அதற்கென்று ஆவி அறை இருக்கிறது. இவர்களுக்கு என் பஸ்தான்.

நேற்றுக் காலை மஹ்மூது ஏசியை அணைத்து ஜன்னல்களை மூடச் சொன்னார். ஐப்பசி பிறந்தும் இங்கே வெயில் இறங்கவில்லை. ஆமிரா ரெண்டு சட்டைக்கு மேல் குப்பைப் பையை மாட்டிக்கொண்டு சீட்டுகளுக்கு நடுவில் குதித்துக்கொண்டிருந்தாள். "பாத்துக்கோ பாய், பானி மாஃபி" என்று சொல்லிவிட்டு எடை பார்க்க அவள் முறை எப்போது வரும் என்று கேட்க அவர் உள்ளே போனார். தண்ணீர் கூடாது என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

குதித்தவள் உட்கார்ந்தாள். கூப்பிட்டேன், தலை தொங்கிப்போய் இருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் உதடு வெளுத்திருக்கிறது, நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஓமானில் சோஹார் பக்கம் கட்டட வேலையில் இருந்தபோது என் பக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவனுக்கு இப்படித்தான் வியர்வை நின்றது. "செத்த உக்காந்துட்டு வாரேன்"னு சொல்லிப் போனவன் எழுந்திருக்கவே இல்லை. உனக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சோறு இறங்கியிருக்காது உனக்கு.

இங்கே மோரை லபன் என்பார்கள். சைட்டில் ஒருவன் கிறங்கி விழுந்தால் யாரும் யோசிக்க மாட்டோம், லபனில் உப்பைப் போட்டு வாயில் ஊற்றிவிடுவோம். என் கையும் யோசிக்கவில்லை. கதவைத் திறந்தேன், அவள் தலையைத் தூக்கி, என் சாப்பாட்டுப் பையில் இருந்த சின்ன லபன் பாட்டிலை முழுசாகப் புகட்டினேன். மடக் மடக்கென்று குடித்தாள். கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்தாள். உடனே வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. "நோ பாய், நோ பாய்" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

தராசு நூற்றைம்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. அந்தப் பாட்டில் அதைவிடக் கொஞ்சம் பெரியது.

அவள் பஸ் படியில் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. தீவில் கடற்கரையில் திரை கட்டி ஊரே காத்திருந்ததாம். மஹ்மூது என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. நேரே போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார், எதிர் டீமிடம் காசு வாங்கிக்கொண்டு டிரைவர் இப்படிச் செய்தான் என்று. பாவம், அவரும் ஊருக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டுமே.

நாளைக் காலை ஆபீசில் விசாரணை. கேம்ப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டோ அவர்கள் கையில். கேட்டில் வண்டி நின்றாலே போலீஸோ என்று எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். விசாவை வெட்டி அனுப்பினால் மண்ணைத் தின்றாவது பிழைத்துக்கொள்ளலாம். கேஸ் என்று உள்ளே வைத்துவிட்டால் நீங்கள் ரெண்டு பேரும் என்ன செய்வீர்கள்? பயமாக இருக்கிறது பூவாயி. இத்தனை வருஷத்தில் இப்படிப் பயந்ததில்லை.

பக்கத்துக் கட்டில் நெய்னா முகம்மது நல்லவன், கீழக்கரைப் பையன். "அவளாத்தான் புடுங்கிக் குடிச்சான்னு சொல்லிடுங்கண்ணே, கலாஸ், முடிஞ்சுது. உங்கள ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறான். குளியலறையில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். வாய் கூசாமல் வந்தது, அதுதான் இன்னும் பயம். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் அந்தப் பேர்தான். தாகம் பொறுக்காமல் குடித்துவிட்டு வந்தவள் என்பார்கள். சின்ன ஊர் ஒரு சொல்லை மறக்காது, நமக்குத் தெரியாததா?

லபன் கொடுக்காவிட்டால் அவள் செத்திருப்பாளா, இல்லை எழுந்து போய் ஜெயித்திருப்பாளா? யாரைக் கேட்பது? நான்தான் கொடுத்தேன், அவளுக்கு அப்போது நினைவே இல்லை என்றுதான் நாளைக்குச் சொல்லப் போகிறேன். அங்கே போய் நிற்கும்போது நாக்கு புரளாமல் இருக்க வேண்டும்.

இது உன் கைக்கு வரும்போது என் காரியம் எப்படியோ முடிந்திருக்கும். நான் பையோடு வந்து நின்றால், ஏன் வந்தாய் என்று அன்றைக்கு மட்டும் கேட்காதே. வராவிட்டால் ஜோதிமணியிடம் அப்பாவுக்கு டூட்டி என்று சொல்.

மாரியாத்தா கோயிலுக்குப் போ. என் வேலைக்காக வேண்டாதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வேண்டிக்கொள். ஆனால் முதலில் அந்தப் பிள்ளையின் பேரைச் சொல். ஆமிரா. ஆத்தாளுக்குப் பழக்கமில்லாத பேர், ரெண்டு தரம் சொல்.

இப்படிக்கு,
உங்கள் ரெண்டு பேர் முகத்தையும் நினைத்துக்கொண்டே இருக்கும்
முனியசாமி